தில்லியா, சென்னையா, திருச்சூரா: நாகர்கோவிலிலிருந்து நாடகம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

அண்ணன் மகள் கல்லூரி நாடகக் குழுவில் சேர்ந்ததிலிருந்து என் வாட்ஸப்பில் போஸ்டர் மழை. எல்லாப் போஸ்டரிலும் மூலையில் ஒரு முத்திரை இருக்கும்: ‘விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட நாடகம்.’ கூடவே ஒரு வரி: “சித்தப்பா, இத எப்படியாவது பாக்கணும்.” எந்த ஊர் என்று பார்த்தால் தில்லி. அடுத்த வாரம் வருவது மும்பை. அதற்கடுத்தது சென்னை.

எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒரு பயணம்தான் நடக்கும். இந்த முறை அது நாடகத்துக்கு என்று முடிவாகிவிட்டது. போகிறவர்கள் நாலு பேர். அம்மாவுக்கு எழுபத்தொன்று, முழங்காலில் தேய்மானம். மைனிக்கு, அதாவது அண்ணிக்கு, இரண்டு நாளைக்கு மேல் லீவு கிடைக்காது. அண்ணன் மகளுக்கு எல்லாமே பார்க்க வேண்டும். டிக்கெட் போடுவதும் பை தூக்குவதும் என் வேலை. குவைத்திலிருக்கும் அண்ணன், “செலவப் பத்தி யோசிக்காத” என்று சொல்லிவிட்டான். அப்படிச் சொல்கிறவன் பணத்தைத்தான் அதிகம் யோசித்துச் செலவழிக்க வேண்டும். அதனால் ஒரு மாதம் உட்கார்ந்து, போகக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

முதலில் அந்த முத்திரை. இந்தியாவில் மேடை நாடகத்துக்கு இப்போது அதிகம் பேசப்படும் விருது மெட்டா. மஹிந்திரா நிறுவனம் 2006 முதல் தில்லியில் கொடுத்துவருகிறது. (ஃபேஸ்புக்காரர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவர்கள் அந்தப் பெயரை வைத்துக்கொண்டது 2021இல்தான்.) நாடு முழுவதிலிருந்தும் குழுக்கள் தங்கள் நாடகத்தை வீடியோ எடுத்து அனுப்புகின்றன. தேர்வுக்குழு பார்த்துப் பத்து நாடகங்களைப் பொறுக்குகிறது. அந்தப் பத்தும் தில்லியில் ஒரு வாரம் மேடையேறும். நடுவர்கள் நேரில் பார்த்து விருது முடிவு செய்வார்கள். சிறந்த நாடகம், இயக்கம், நடிப்பு, மூலப் பிரதி, குழு நடிப்பு, ஒளி, ஆடை, மேடையமைப்பு என்று ஒரு டஜனுக்கு மேல் பிரிவுகள் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. போஸ்டரில் ‘பரிந்துரை’ என்று மட்டும்தான் போட்டிருப்பார்கள், எந்தப் பிரிவில் என்று போடமாட்டார்கள். ஒளியமைப்புக்கோ மேடையமைப்புக்கோ பரிந்துரை பெற்ற நாடகத்தை அது உருவான அரங்கிலேயே பார்த்தால் உண்டு. வெளியூர் போகும்போது பாதி விளக்கும் பாதி செட்டும் வீட்டிலேயே தங்கிவிடும். குழு நடிப்புக்கும் பிரதிக்கும் பரிந்துரை பெற்ற நாடகம் அப்படியல்ல. நாலு டியூப்லைட் வெளிச்சத்தில் கல்யாண மண்டபத்தில் போட்டாலும் நிற்கும். இப்போது போஸ்டர் வந்தால் நான் அண்ணன் மகளிடம் கேட்கும் முதல் கேள்வி, எந்தப் பிரிவில் என்பதுதான். இரண்டு வாரமாக அவளே தேடிப் பார்த்துவிட்டு அனுப்புகிறாள். போஸ்டரின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது.

சரி, தில்லி. மார்ச் மாத வாக்கில், மண்டி ஹவுஸ் பக்கம் கமானி அரங்கிலும் ஸ்ரீராம் சென்டரிலும் இந்தப் பத்து நாடகங்களும் நடக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம், ஒரே மாலையில் இரண்டு நாடகம் பார்க்கலாம். அசாமியம், மணிப்புரி, கன்னடம், மலையாளம், இந்தி என்று ஒரே வாரத்தில் காதில் விழும். நாடகம் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வாரம் கிடையாது. ஆனால் கன்னியாகுமரியிலிருந்து நிஜாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி ஓட வேண்டும். விமானம் என்றால் முதலில் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். நாலு பேருக்குப் போய்வர, தங்க, சாப்பிட என்று நான் போட்ட கணக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டியதும் பேனாவை மூடிவிட்டேன். அம்மாவுக்கு இந்தி தெரியாது. மணிப்புரி நாடகத்தில் உடம்பே பேசும், மொழி தேவையில்லை என்று அண்ணன் மகள் வாதாடினாள். உண்மைதான். ஆனால் ஐந்து நாள் உடம்பு பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க அம்மாவால் முடியாது. இது அவள் படிப்பு முடித்து, நாலு தோழிகளோடு ஸ்லீப்பரில் போக வேண்டிய பயணம். அப்போது நானே டிக்கெட் எடுத்துக் கொடுப்பேன்.

மும்பையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஜூஹுவில் இருக்கும் பிருத்வி தியேட்டர் 1978இல் திறந்தது, இருநூறு இருக்கை. மேடை பார்வையாளர்களுக்குள் நீண்டிருக்கும், மூன்று பக்கமும் ஆட்கள். மணி அடித்துக் கதவைச் சாத்திவிட்டால் பிறகு யார் வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள், அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். பாந்த்ரா பக்கம் வந்திருக்கும் புதிய அரங்குகளில் வெளிநாட்டு மியூசிக்கல்கள் எல்லாம் வருகின்றன. அவற்றின் டிக்கெட் விலைக்கு வடசேரியில் ஒரு மாதச் சந்தைச் செலவு முடிந்துவிடும். மும்பையில் நமக்குச் சொந்தக்காரர் வீடு இருந்தால், வேறு வேலையாகப் போனால், ஒரு மாலை பிருத்வியில் உட்காரலாம். அதற்காகவே ரயிலேற வேண்டாம்.

சென்னைதான் எல்லோரும் முதலில் சொல்லும் இடம். நம் மொழி, சொந்தக்காரர்களும் உண்டு. 2024 ஆகஸ்ட் கடைசியில் எழும்பூர் - நாகர்கோவில் வந்தே பாரத் வந்த பிறகு பகலிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது ராத்திரி கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ். ஆனால் சென்னையில் நாடகம் என்றால் ஒரு ஊர் இல்லை, இரண்டு ஊர். ஒன்று சபா ஊர். மயிலாப்பூர், தி.நகர், டி.டி.கே. சாலை. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவில் நாளுக்கொரு புதிய நாடகம் போடுவார்கள், கடைசியில் சிறந்த நாடகம், வசனம், நடிப்பு என்று பரிசும் உண்டு. ‘விருதுக்கான நாடகம்’ என்று தமிழிலேயே பார்க்க வேண்டுமென்றால் இதுதான் வழி. ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். ஒரு சோபா, ஒரு டீப்பாய், சுவரில் ஒரு சாமி படம். ஜோக் வந்த இடத்தில் கைதட்டுக்கு நடிகர் கொஞ்சம் நிற்பார். நன்றாகப் போனால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம், போகாவிட்டால் சீரியல் பார்த்த மாதிரி இருக்கும். மைனிக்கு இது போதும், அவள் வெளிப்படையாகவே சொன்னாள்.

இன்னொன்று அரங்க ஊர். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து கிளம்பிய மரபும், அலியான்ஸ் ஃபிரான்சேஸ் அரங்கிலும் எழும்பூர் மியூசியம் தியேட்டரிலும் நடக்கும் புதிய குழுக்களின் முயற்சிகளும். மியூசியம் தியேட்டர் 1896இல் கட்டியது, அரைவட்டமாகப் படிப்படியாக இறங்கும் இருக்கைகள். அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலே நாடகம் பாதி தொடங்கிவிட்ட மாதிரி இருக்கும். பிரச்சினை என்னவென்றால், இந்த இரண்டாவது ஊரின் நாடகங்களுக்கு இரண்டு காட்சி, மூன்று காட்சிதான். சனி, ஞாயிறு முடிந்தால் முடிந்தது. நாம் நாகர்கோவிலில் உட்கார்ந்து இரண்டு மாதம் முன்னால் ரயில் டிக்கெட் எடுக்கிறோம், அவர்கள் இரண்டு வாரம் முன்னால்தான் தேதி அறிவிக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் நான் ஒருமுறை ஒரு நாடகத்தை நம்பிப் போய், அது தள்ளிப்போனதை எழும்பூரில் இறங்கிய பிறகு தெரிந்துகொண்டு, மெரினாவில் சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். சென்னையில் ஏற்கெனவே ஒரு கல்யாணமோ ஆஸ்பத்திரியோ இருந்து, அதோடு நாடகம் சேர்ந்தால் நல்லது. நாடகத்தை மட்டும் வைத்துக் கிளம்புவது சூதாட்டம்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்காரர்கள் செய்யும் ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். நாடகம், இலக்கியம், புத்தகக் கண்காட்சி என்று எதுவானாலும் நம் தலை வடக்கே, சென்னைப் பக்கம்தான் திரும்பும். எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். மேற்கே எழுபது கிலோமீட்டரில் ஒரு தலைநகரம் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நமக்கும் அதுதான் தலைநகரம். அதைவிட முக்கியம், நமக்கு மலையாளம் புரியும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தவர்களுக்கு அது வீட்டு மொழி மாதிரி. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்தவர்களுக்கும் சினிமாவும் பஸ்ஸும் கற்றுக்கொடுத்திருக்கிறது. மதுரைக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் இல்லாத வசதி இது. இந்தியாவில் நாடகத்தை இன்றும் ஊர் ஊராக உயிரோடு வைத்திருக்கும் ஒரு மொழி நமக்குச் சப்டைட்டில் இல்லாமல் விளங்குகிறது. இதைப் பயன்படுத்தாமல் சென்னைக்கு ராத்திரி ரயில் ஏறுகிறோம்.

திருவனந்தபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழுதக்காட்டில் தாகூர் தியேட்டர், தைக்காட்டில் சூர்யா அமைப்பின் கணேசம், பாரத் பவன். சூர்யா விழா மாதக்கணக்கில் நடக்கும், நடனம், இசை, நாடகம் எல்லாம் வரும். மாலைக் காட்சி முடிந்து தம்பானூரில் பஸ் பிடித்தால் ராத்திரியே வீடு. தங்கும் செலவு இல்லை. ஆனால் நான் அங்கே போகச் சொல்வது பெரிய அரங்குகளுக்காக இல்லை, மார்கிக்காக. 1970இல் தொடங்கிய நிறுவனம், கதகளியும் கூடியாட்டமும் அவர்கள் வேலை. கூடியாட்டம் என்பது சமஸ்கிருத நாடகத்தைக் கேரளக் கோயில்கள் காப்பாற்றி வைத்த வடிவம். 2001இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. அதற்கு மேல் என்ன விருது வேண்டும்?

ஒருமுறை அங்கே போனபோது பார்வையாளர்கள் மொத்தம் முப்பது பேர்கூட இருக்கமாட்டோம். குத்துவிளக்குக்கு முன்னால் ராவணன் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் செம்புக் குடம் மாதிரி மிழாவு, அதன் வாயில் கட்டிய தோலில் வெறுங்கையால் அடிக்கிறார்கள். ராவணன் கயிலை மலையைப் பார்க்கிறான். பார்க்கிறான் என்றால், அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் பார்க்கிறான். கண் மட்டும் மெதுவாக ஏறுகிறது. கண் சிவந்திருக்க இமைக்குள் சுண்டைப்பூவின் சிறு துணுக்கை வைத்துக்கொள்வார்கள், அந்தச் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் மினுங்குகிறது. மலை இவ்வளவு உயரமா என்று எனக்கே கழுத்து வலித்தது. நான் திரும்பி அவன் பார்த்த பக்கத்துச் சுவரைப் பார்த்தேன், சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர். ஆயிரம் பேர் உட்காரும் அரங்கில் பத்தாவது வரிசையிலிருந்து இது தெரியவே தெரியாது. சின்ன அரங்கின் அருமை இதுதான்: நாலு முழ தூரத்தில் ஒரு மனிதனின் கருவிழி நகர்வதைப் பார்க்கலாம்.

ஆனால் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சுலோகத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் கலை இது. முதல் முறை போகிறவர் பொறுமையோடு கதையைப் படித்துவிட்டுப் போகவேண்டும். மைனி கூட வந்தால் இருபதாவது நிமிடத்தில் போனை எடுப்பாள். புதிய நாடகம், இன்றைய பேச்சு வேண்டும் என்கிற அண்ணன் மகளுக்கும் இது மட்டும் போதாது.

அப்புறம் திருச்சூர். இதைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்ததே.

கேரள சங்கீத நாடக அகாதெமி 2008 முதல் நடத்தும் சர்வதேச நாடக விழா. இட்ஃபோக் என்று சுருக்கிச் சொல்வார்கள். கொரோனாவில் நின்று 2023 பிப்ரவரியில் மறுபடி தொடங்கியது. ஜனவரி கடைசி, பிப்ரவரியில் நடக்கும். நம் ஊரில் வெயில் ஏறுவதற்கு முன்னால். அகாதெமி வளாகத்துக்குள்ளேயே கே.டி. முகமது பேரிலுள்ள மண்டல அரங்கு, நடிகர் முரளி பேரில் திறந்தவெளி அரங்கு, கறுப்பு அறை மாதிரி ஒரு சின்ன அரங்கு எல்லாம் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்மாவே நடந்துவிடுவாள். டிக்கெட் ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு. தில்லியில் பத்து நாடகம் என்றால் இங்கே வெளிநாட்டு நாடகம், பிற மாநில நாடகம், மலையாள நாடகம் என்று அதைவிட அதிகம். மெட்டா பரிந்துரையில் வரும் குழுக்கள் சிலவற்றை இங்கே பார்க்கலாம், தில்லிக்குப் போகாமலே.

மலையாள நாடகம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். காசர்கோடு மாவட்டத்தில் திருக்கரிப்பூர் என்று ஒரு சின்ன ஊர். அங்குள்ள ஒரு கலாசமிதியினர், அதாவது ஊர்க் கலை மன்றத்தினர், 2015இல் இயக்குநர் தீபன் சிவராமனைக் கூப்பிட்டு, ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ நாவலை நாடகமாக்கினார்கள். நடித்தவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள். மேடை இல்லை, மண் தரை. சுற்றிப் பார்வையாளர்கள். தீ, மண், மழை எல்லாம் நிஜமாகவே வரும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்த நாடகம் பிறகு பெருநகரங்களுக்கெல்லாம் போனது. ஊர்க் கலாசமிதி ஒன்று நம் தக்கலையிலோ குளச்சலிலோ இப்படி ஒரு காரியம் செய்யமுடியுமா என்று யோசித்துப் பாருங்கள். அண்ணன் மகளுக்கு நான் காட்ட விரும்புவது அதைத்தான். பெருநகரத்துக்குப் போனால்தான் நல்ல நாடகம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

திருச்சூருக்கும் நமக்கும் பழைய தொடர்பு உண்டு என்பதையும் சொல்லவேண்டும். அங்குள்ள நாடகப் பள்ளியை 1977இல் உருவாக்கிய ஜி. சங்கரப்பிள்ளையோடு சேர்ந்து உழைத்தவர் நாங்குநேரிக்காரரான சே. இராமானுஜம். ஆரல்வாய்மொழி தாண்டி அரை மணி நேரத்தில் வரும் அதே நாங்குநேரி.

குறை இல்லாமல் இல்லை. நல்ல நாடகத்துக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், மீதிக்குக் கவுண்டரில் வரிசையில் நிற்க வேண்டும். பொறுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு போனால் மூன்றில் ஒன்று விளங்காது. வெளிநாட்டு நாடகங்களுக்கு வசனம் பெரும்பாலும் ஆங்கில எழுத்தாகத் திரையில் ஓடும், அம்மாவுக்கு அது பயன்படாது. அதனால் நான் போட்ட திட்டம்: அம்மாவும் மைனியும் மலையாள நாடகங்களுக்கு மட்டும். அந்நிய மொழிக்காரர்கள் வரும் நேரத்தில் அவர்கள் வடக்குந்நாதர் கோயிலுக்கோ அதைச் சுற்றியுள்ள ரவுண்டில் துணிக்கடைக்கோ போகட்டும். நானும் அண்ணன் மகளும் எல்லாவற்றுக்கும். விடியற்காலை நாகர்கோவிலில் பரசுராம் எக்ஸ்பிரஸ் ஏறினால் நண்பகல் வாக்கில் இறங்கலாம். இரண்டு பகல், ஒரு ராத்திரி. மைனியின் லீவுக்குள் அடங்கிவிடுகிறது.

பாட்டு நாடகம் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழியை இடையில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘மியூசிக்கல்’ என்ற சொல்லைக் கேட்டாலே நாம் வெளிநாட்டைத்தான் நினைக்கிறோம். மதுரை, புதுக்கோட்டை பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் இன்றும் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாட்டுகள், ஹார்மோனியம், மிருதங்கம், ராஜபார்ட், பபூன். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிகிற வரை. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாக ‘ஸ்பெஷலாக’ அழைப்பார்கள், ஒத்திகை கிடையாது, மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். வள்ளியும் முருகனும் முன்பின் பழகாதவர்களாக இருப்பார்கள், ஆனால் தர்க்கப் பாட்டில் ஒருவரை ஒருவர் விடமாட்டார்கள். அம்மாவிடம் விட்டிருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பாள். ராத்திரி முழுக்க மணலில் உட்காரும் முழங்கால்தான் இல்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு, வீட்டுப் பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டால் எனக்கே தூக்கம் வராது. கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு இருக்கிறது. ஒழுகினசேரிக்காரரான என்.எஸ். கிருஷ்ணன் கேட்டு வளர்ந்த பாட்டு அது. தோல்பாவைக் கூத்து நடத்தும் சில குடும்பங்களும் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. போன வருடம் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் பார்த்தேன். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னால் ஒரு பல்பு. ஆட்டுத்தோல் பாவைகள். ஒரே ஆள் இராமன், சீதை, அனுமன், உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் எல்லோருக்கும் குரல் கொடுக்கிறார். காலில் கட்டிய சலங்கையைத் தரையில் உதைத்துக்கொண்டே கையில் இரண்டு பாவை ஆட்டுகிறார். நான் பின்பக்கம் போய்ப் பார்த்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முன்பக்கம் பிள்ளைகள் உளுவத்தலையனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் கிடையாது. இதற்கும் எந்தப் போஸ்டரிலும் முத்திரை இல்லை. இது பயணத்துக்கான போட்டியில் வராது, ஏனென்றால் இதைப் பார்க்க லீவு போட வேண்டியதில்லை. எங்காவது நடக்கிறது என்று கேள்விப்பட்டால் வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

ஆக எங்கள் வீட்டு முடிவு திருச்சூர். அண்ணன் மகள் முதலில் முகத்தைத் தூக்கினாள். விழாவின் பழைய பட்டியல்களை எடுத்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு நாள் போதாது சித்தப்பா” என்கிறாள் இப்போது. வேறு வீடாக இருந்தால் கணக்கு மாறலாம். சிரித்துவிட்டு வந்தால் போதும் என்பவர் கோடையில் சென்னை போகட்டும். கைக்குழந்தையோடு இருப்பவர், அன்றே திரும்ப வேண்டியவர் திருவனந்தபுரத்தைத் தாண்ட வேண்டாம்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். நாடகத்தின் பெயரையோ நாட்டையோ அவள் கேட்கவில்லை. “இருக்கிற எடத்துல சாய்மானம் உண்டா?” என்றாள். திறந்தவெளி அரங்கில் படிக்கட்டுதான். அவளுக்கும் மைனிக்கும் உள்ளரங்கு நாடகங்களாகப் பார்த்துத் தனியாக ஒரு பட்டியல் எழுதி, காலண்டருக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன்.